இடது விலாவில் ஒரு பள்ளம்

கிட்ட வந்து உட்காருங்கள் செல்லங்களா, ரத்தம் சிந்தின கதை ஒன்று சொல்கிறேன். சின்னதுதான். கையிலிருக்கும் தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடுவேன்.

“இடது விலாவைப் பாருடா. இதெல்லாம் ஒரு பிறவியா? கழுத்தோட அறுத்துப் போட்டுடலாம்,” என்று நெவில் பிளேடை நீட்டினான்.

“கையை வச்சுப் பாரு. அப்புறம் உன் விரலை எண்ணிக்கோ,” என்றான் கிளைவ்.

மேஜையில் கிடந்தவை இரண்டு பிளாஸ்டிக் போர் விமானங்கள். இரண்டுமே லைட்னிங் ஜெட்; நிஜத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு, ஒரு முழத்துக்கு மேல் நீளம். இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஞாயிறு காலை கூடும் மாடல் சங்கத்தில், எது அசலுக்கு நெருக்கம் என்று அன்று தீர்ந்தாக வேண்டும். தோற்றவன் தன்னுடையதைத் தானே சுத்தியலால் உடைக்க வேண்டும் என்று பந்தயம்.

நெவிலுடையது புது கிட், அதாவது ஒட்டிச் சேர்க்கும் பாகங்கள் அடங்கிய பெட்டி. பக்கத்து விமானத்தளத்தில் பறந்து ஓய்ந்து, இப்போது அருங்காட்சியகத்தில் நிற்கிற லைட்னிங்கை லேசர் வைத்து மயிரிழை பிசகாமல் அளந்து வார்த்தது. அதன் இடது விலாவில் நகம் அளவுக்கு ஒரு பள்ளம்.

கிளைவுடையது பழைய கிட். எட்டு மாதம் பட்டி வைத்து, உப்புத்தாள் போட்டு இழைத்திருந்தான். பள்ளம் கிடையாது.

“பதினேழு வயசுல தொழிற்சாலையில அந்த விலாத் தகட்டை மாட்டினதே இந்தக் கைதான்டா. வழவழன்னு இருக்கும்.”

“நீ அங்க கக்கூஸ் கழுவியிருப்ப!”

அந்த நேரம், சங்கத்தில் தேநீர் போடும் மூதாட்டி பெரில் தள்ளுவண்டியோடு வந்தாள். கதவு நிலையில் ஓர் இடி, மேஜைக் காலில் ஓர் இடி.

“உன்னை நம்பி விமானப்படையில எப்படிம்மா வண்டி குடுத்தாங்க?” என்று சிரித்தார்கள்.

“மூஞ்சியைப் பாத்துத்தான்!” என்று சொல்லிவிட்டு பிஸ்கட் எடுக்க உள்ளே போய்விட்டாள்.

“சொல்லுடா கிளைவ், ஐம்பது வருஷமா இதே புளுகுதானே?” என்றான் நெவில்.

கிளைவின் முஷ்டி அவன் மூக்கில் இறங்கியது. மளுக்கென்று ஒரு சத்தம். நெவில் நாற்காலியைத் தூக்கி வீச, கிளைவின் புருவம் பிளந்தது. எழுபது தாண்டின இரண்டு பேரும் தரையில் உருண்டார்கள். ஒருவன் கடித்தான், மற்றவன் குரல்வளையைப் பிடித்தான். நாலு பேர் சேர்ந்துதான் பிரிக்க முடிந்தது.

நெவில் ரத்தக் கையால் சட்டைப்பையிலிருந்து ஒரு படத்தை உருவி எறிந்தான். “நேத்து அருங்காட்சியகத்துல நானே எடுத்தது. பாருடா!”

கிளைவ் பார்த்தான். அசல் விமானத்தின் இடது விலா. அதே இடம், அதே பள்ளம்.

“என் கையே என்கிட்ட பொய் சொல்லிடுச்சு போல,” என்றான். சுத்தியலை எடுத்தான். முதல் அடியில் மூக்கு போனது, இரண்டாவதில் இறக்கை. எட்டு மாதம் மூன்றாவது அடியில் தூளானது. சுத்தியலைக் கீழே வைக்க மறந்து, அப்படியே நின்றான்.

பிஸ்கட் தட்டோடு திரும்பி வந்த பெரில், காலடியில் கிடந்த படத்தைக் குனிந்து எடுத்தாள். அவள் முகம் சிவந்துவிட்டது.

“அடக் கடவுளே, இதை இன்னுமா நிமிர்த்தலை? எழுபத்தெட்டாம் வருஷம் தளத்துல விமானம் இழுக்கற டிராக்டரைப் பின்னால எடுக்கறப்ப நான் இடிச்சது, ராசா!”

உங்கள் வீட்டில் உடையக்கூடியதெல்லாம், சுத்தியல் பிடித்த கைக்கு எட்டாத உயரத்தில் நூறு வருடம் பத்திரமாக இருக்கட்டும்.