ஒரு மிதியில் ஓடும் மோட்டர்

அடம்பனில் மீளக் குடியேறிய காணியில் மிதிவெடியில் காயப்பட்ட ஜஸ்ரின், ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடி மலைச் சைக்கிளுக்குப் பூட்டும் மோட்டரைப் பென்சிலால் படமாகக் கீறிக்கொண்டிருந்தான்.

“மன்னாரில எங்கயடா மலை?” என்றார் அப்பா யாகப்பர்.

“மலையில ஓடினா எங்கட மணலிலயும் ஓடும். இப்ப உள்ள மோட்டருக்கு ரெண்டு பெடலையும் மாறி மாறி மிதிக்கோணும், அப்பா. இனி வரப்போறது இது. ஒரு மிதியிலயே ஓடும்.”

“காயம் மாறினதும் நீயே ஓடிப் பாக்கலாம்.” அவர் படத்தைப் பார்த்தார். “வலது பெடலை மறந்திட்டாய். தா, நான் கீறுறன்.”

பென்சிலை வாங்கினார்.

“மறக்கேல்லை.” ஜஸ்ரின் போர்வையை இறுக்கிப் பிடித்தான். “நாளைக்கு வலது காலைக் கழட்டுறதெண்டு டொக்டர் உங்களிட்டச் சொல்லேக்க நான் நித்திரை கொள்ளேல்லை. பயமாக் கிடக்கப்பா.”

யாகப்பர் பென்சிலைத் திருப்பிக் கொடுத்தார்.