வாரண்டி இருக்கு மேடம்

போலந்தின் ஓபோலே நகரிலிருந்து ஹலினா, ஜெர்மனியில் தாங்கள் கார் வாங்கிய கடைக்கு ஃபோன் செய்தாள்.

“வாரண்டி இன்னும் ஏழு மாசம் இருக்கு மேடம், கவலையே படாதீங்க” என்றான் விற்பனையாளன் டீட்டர்.

“பிரேக் பிடிக்கலையே. இங்கேயே ஒரு மெக்கானிக்கிட்ட காட்டலாமா?”

“ஐயையோ, வெளியாள் கை வச்சா வாரண்டி செல்லாது. வண்டி இங்கதான் வரணும்.”

“லாரியில ஏத்தி அனுப்பட்டுமா?”

“அது உங்க செலவு மேடம். எதுக்கு வீணா? முந்நூறு கிலோமீட்டர்தானே, நல்ல ரோடு. மெதுவா ஓட்டிட்டு வந்துடுங்க.”

“பிரேக் இல்லாமலா?”

“கியரைக் குறைச்சே ஓட்டினா ஒண்ணும் ஆகாது. எல்லாருக்கும் இதைத்தான் சொல்றோம்.”

“என் வீட்டுக்காரர் ஸெனெக்குக்கும் இதைத்தான் சொன்னீங்களா?”

“ஆமா, போன மாசம் சொன்னேனே! உடனே கிளம்பறேன்னார். அப்புறம் ஆளையே காணோம்.”

ஹலினா ஃபோனை இன்னொரு காதுக்கு மாற்றினாள்.

“மேடம், லைன்ல இருக்கீங்களா?”

“கிளம்பினார். எல்லை வரைக்கும்கூட வந்து சேரலை. அடக்கம் பண்ணி இன்னிக்குப் பத்தொன்பது நாள்.”

ஹலினாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்த போலீஸ் அதிகாரி, “இது போதும்மா” என்று சொல்லி ரெக்கார்டரை நிறுத்தினார்.