படகுக்குப் பிரேக் கிடையாது

படகு ஒரு பக்கமாகச் சாய்ந்ததும் அப்பா வலது காலால் ஓங்கி மிதித்தார்.

மிதித்த இடத்தில் ஒன்றுமில்லை. படகின் தரைதான். ‘டொம்’ என்றது.

“அப்பா, படகுக்குப் பிரேக் கிடையாது. காலைச் சும்மா வச்சிருங்க” என்றாள் மகள்.

அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். யார் வண்டி ஓட்டினாலும் பக்கத்து சீட்டில், காலடியில் தனி பிரேக்கோடு உட்கார்ந்தே பழகிய உடம்பு. மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘பிரேக் சார்’. அது அவருக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள், பாவம்.

பாய்மரப் படகு கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று மகள் சொன்னபோது தடுக்கத்தான் கிளப்புக்கு வந்தார். மகள் வக்கீல். வாதத்தில் தோற்று, தன் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினார்.

சுக்கான் அவள் கையில். முன்பாயின் கயிறு இவர் கையில். கிளப்பில் இதற்குத் ‘துணை மாலுமி’ என்று பெயர். வீட்டில் சொன்னால் எடுபிடி.

இத்தனை நாளும் நடுவில் உட்கார்ந்து கத்திய பயிற்சியாளர் இன்று மோட்டார் படகில் தள்ளியே வந்தார், கவிழ்ந்தால் பொறுக்கிக்கொள்ள. தூரத்து ஆரஞ்சு மிதவையைச் சுற்றித் திரும்பிவிட்டால் பாஸ்.

“லெஃப்ட்! லெஃப்ட்! மெதுவா! கிளட்ச்!”

“எவ்ளோ தூரம்னு மட்டும் சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்.”

“நாலு கார் நிறுத்தலாம்” என்றார். கொஞ்சம் கழித்து, “இப்ப ரெண்டு” என்றார், கத்தாமல்.

“திருப்பறேன். குனிங்க!”

குனிந்தார். ஆனால் யோசித்துவிட்டுக் குனிந்தார். பாயின் அடிக்கட்டை அவர் மண்டையில் தட்டிவிட்டு மறுபக்கம் போனது.

“அது உங்க தலையாப்பா?”

“ஆமா.”

“கட்டைக்கு ஒண்ணும் ஆகலையே?”

பதில் சொல்ல வாயெடுத்தவர் கயிற்றை இழுத்தார். பாய் புடைத்தது. படகு மிதவையை உரசாமல் சுற்றிக்கொண்டு நேரே ஓடத் தொடங்கியது. பின்னாலிருந்து பயிற்சியாளரின் விசில் கேட்டது.

மகள் முகத்தைச் சற்றே திருப்பிக் கன்னத்தில் காற்றை வாங்கினாள். சுக்கானை ஒரு விரல் அளவு நகர்த்தினாள். படகு அவள் சொன்னபடி கேட்டது.

ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். மச்சானுக்கு, மளிகைக்கடைக்காரருக்கு, ஸ்டியரிங்கைப் பார்த்தாலே அழுத பல் டாக்டருக்குக்கூட. மகளுக்கு மட்டும் முடியவில்லை. பிறந்ததிலிருந்தே பார்வை இல்லாதவளுக்கு லைசென்ஸ் கொடுக்க மாட்டார்கள்.

அவர் கண்களில் நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது?

“அப்பா, மூக்க உறிஞ்சாதீங்க” என்றாள் மகள். “காத்து எந்தப் பக்கம்னே கேக்க மாட்டேங்குது.”