புகைப் பெட்டிக்கு ஒரு உயிர்

"வாயில்லாச் சீவனைக் கொன்னுதான் எனக்குச் சர்ட்டிபிகேட் வரணும்னா, அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் சார்!"

சொன்னதோடு நிற்கவில்லை பெரியநாயகம். கூண்டைத் திறந்து புறாவை ஜன்னல் வழியே பறக்கவிட்டார்.

பம்பாய் மாட்டுங்காவில் இருந்த அந்தச் சின்னப் பரிசோதனைக்கூடத்துக்குக் கெமிஸ்ட் மகாதேவன்தான் பொறுப்பு. யுத்தகாலம். ராத்திரி விளக்கு வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்க ஜன்னலில் தொங்கவிடும் கறுப்பு ரப்பர் துணியைப் பெரியநாயகம் தாராவியில் தயாரித்தார். அது தீப்பிடித்தால் புகை ஆளைக் கொல்லுமா என்று, மூடிய பெட்டிக்குள் ஒரு உயிரை விட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். மகாதேவன் கையெழுத்துப் போட்டுவிட்டால் இருநூறு தொழிலாளர் அறைகளில் அது தொங்கும்.

"எலியை வச்சுப் பாருங்க. பம்பாயில அதுக்கா பஞ்சம்?" என்றார் பெரியநாயகம்.

உதவியாளர் மன்சூர் அலி விடவில்லை. "எலி சாக்கடையிலே வளந்தது சார், லேசிலே சாகாது. பறவைதான் சட்டுனு விழும். அந்த அறைகள்லே கைக்குழந்தைங்க இருக்குதே?"

"போதும்ப்பா. உனக்குக் கொஞ்சமாவது ஈவிரக்கம் இருக்கா?" என்றார் பெரியநாயகம்.

மகாதேவனுக்கும் மன்சூர் மேல்தான் எரிச்சல். தினமும் விடிந்ததும் புறாக்களுக்குச் சோளம் இறைக்கிற மனுஷர் எங்கே, இவன் எங்கே!

பெட்டியில் இரண்டு எலிகளை விட்டு, ஒரு முழம் துணியைக் கொளுத்தினார்கள். பத்து நிமிஷம் ஆயிற்று. கதவைத் திறந்தால், எலிகள் இரண்டும் மீசையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"பாத்தீயளா சார், ஒரு உயிரும் போகல!"

கொடுத்துவைத்த மனுஷர். புண்ணியமும் கிடைத்தது, சர்ட்டிபிகேட்டும் கிடைக்கப்போகிறது.

மகாதேவன் பேனாவைத் திறந்தார். "எங்காத்து ஜன்னலுக்கும் நாலு கஜம் வேணும். உங்க வீட்டிலே இதைத்தானே போட்டிருக்கேள்?"

"ஐயோ, வீட்டுல இப்ப கம்பளிதான் சார்! மொதல்ல இதைத்தான் போட்டிருந்தேன். அடுப்புப் பொறி பட்டு ஒரு ஓரம் கருகிச்சு. கூண்டுல இருந்த கிளி ரெண்டும் பொத்துனு விழுந்துட்டு. வெளியே தூக்கிட்டு ஓடி, காத்துல வச்சுப் பொழைக்க வச்சேன். அன்னைக்கே கழட்டிட்டேன். பாவம், வாயில்லாச் சீவன்லா?"

அவர் கண் நிஜமாகவே கலங்கியது.

மகாதேவன் பேனாவை மூடினார். மன்சூர் அலியின் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"புறாவைத்தான் பறக்க விட்டுட்டேள். நாளைக்கு வரச்சே அந்தக் கிளி ரெண்டையும் கொண்டு வாங்கோ."