மூன்றாவது காபி

ஹய்ரியா கிழவி மூன்றாவது காபியைக் கொண்டுவந்து வைத்தாள். போஸ்னிய வீடுகளில் அதற்குக் 'கிளம்பு' என்று அர்த்தம்.

போர்க் குற்றவாளிகள் பதினெட்டுப் பேரை உள்ளே தள்ளிய அரசு வழக்கறிஞர் நெவென்கா அதைத் தொடவில்லை.

"உங்க ஊர் ஆம்பளைங்களைச் சுடச் சொன்னவனை நேர்ல பார்த்தது நீங்க மட்டும்தாம்மா. கோர்ட்டுல வந்து பேரைச் சொல்லுங்க."

"மாட்டேன்."

"அவனை நினைச்சுப் பயமா?"

"எனக்கென்னடி பயம்? பேரைக் கேட்டா நீதான் தாங்க மாட்டே."

"எங்கப்பா பேருதானேம்மா?"

கிழவி நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

"மக கேஸ் நடத்தினா நிக்காது. காலையிலதான் வேற வக்கீல்கிட்ட ஒப்படைச்சேன். வாசல்ல நிக்கிறார். அவர்கிட்டயாவது சொல்லுங்க." நெவென்கா எழுந்தாள்.

கிழவி ஆறிப்போன காபியைக் கொட்டிவிட்டு, காபிக்குப் புதிதாகத் தண்ணீர் வைத்தாள்.

"அவரைக் கூப்பிடு. நீயும் உக்காரு."