நிலாவுக்கு இன்னும் இரண்டு மேகம்

“குப்பையில போட்டுட்டேன்னு அடிச்சுச் சொன்னியே, இப்ப எங்கேருந்து முளைச்சுது?”

தம்பி வாசலிலேயே ஆரம்பித்தான். கையில் பழைய வீடியோ டெக், தோளில் சுருட்டிய ஒயர்.

“முதல்ல செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா. இருபத்திரண்டு வருஷமா இதே பாட்டு” என்றாள் அக்கா.

வீடியோ கேம் கம்பெனிகள் ஒரு காலத்தில் புது விளையாட்டுக்கு விளம்பரமாக இலவச வீடியோ கேசட் அனுப்பும். கூப்பனை நிரப்பித் தபாலில் போட்டால் வீடு தேடி வரும். தம்பி அவற்றைத்தான் சேகரிக்கிறான். முந்நூற்றுப் பதினோரு கேசட் சேர்ந்துவிட்டது. அவன் அறையில் இனி அவன் படுக்க மட்டும்தான் இடம்.

இல்லாதது ஒன்றே ஒன்று. பத்து வயதில் அவனுக்கு முதன்முதலாக வந்தது.

விளையாட்டை வாங்க அப்போது வசதியில்லை. அப்பாவுக்குச் சைக்கிள் ரிப்பேர் கடை. யாரோ வேண்டாமென்று கழித்த டெக் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் விளம்பரத்தை மட்டும் ஓட்டுவான். விளக்கு ஏந்திய குட்டி ஆள் ஒருவன், கட்டம் கட்டமான மேகங்களில் கால் வைத்து நிலாவுக்கு ஏறுவான். தம்பி எதிரில் உட்கார்ந்து வெறும் காற்றில் பட்டன் அழுத்துவான். தூக்கத்தில்கூட அவன் கட்டைவிரல்கள் அசையும்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கேசட்டைக் காணோம்.

“நான்தான் அதுல வேற என்னமோ பதிஞ்சுட்டேன். அழிஞ்சு போச்சு. தூக்கிப் போட்டுட்டேன்” என்றாள், அப்போது ஏழாவது படித்த அக்கா.

அதன்பிறகு அவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. அவள் கல்யாண போட்டோவில்கூடக் கடைசி வரிசையில், பாதி முகம்தான்.

போன வாரம் சேகரிப்பாளர் குழுவில் பேச்சு வந்தது. அந்தக் கேசட் யாரிடமும் இல்லையாம். ஒரு நிமிஷம் மிஞ்சியிருந்தாலும் பொக்கிஷமாம். அப்பாவிடம் போனில் புலம்பினான். மறுநாள் அக்கா கூப்பிட்டாள். “கேசட் இருக்கு. வந்து எடுத்துக்க.”

அப்பா இப்போது அக்கா வீட்டில்தான். ஜன்னலோரம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அக்கா கேசட்டை மேஜைமேல் வைத்தாள். அட்டையில் அவனுடைய பத்து வயதுக் கையெழுத்து, கொட்டை எழுத்தில்: ‘யாரும் இதில் எதையும் பதியக் கூடாது. அக்காவும்தான். அப்பாவும்தான்.’

“இவ்வளவு பெருசா எழுதி வெச்சும் உன் கண்ணுக்குத் தெரியலையா?”

“தெரிஞ்சுது.”

“தெரிஞ்சும் அழிச்சிருக்க!”

கேசட்டைத் திருப்பினான். அதன் விளிம்பில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதை அடைத்தால்தான் மேலே புதிதாகப் பதிய முடியும். டியூப் ரப்பரை அளவாக வெட்டி, ஓரம் சீவி, கச்சிதமாக ஒட்டி அடைத்திருந்தது.

“அப்பா கடையில சுட்டு வேற ஒட்டியிருக்க. கில்லாடிதான்.”

அக்கா டெக்கைப் பார்த்தாள். “இங்க போடாதே. உன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பாரு.”

“ஏன், உன் வண்டவாளம் தெரிஞ்சுடும்னா?”

“போடட்டும்மா” என்றார் அப்பா, பேப்பரை மடித்தபடி. “நான்தானே குடுக்கச் சொன்னேன்.”

ஒயரைச் செருகினான். திரை முழுக்க நீலம். கோடுகள் நெளிந்தன. பிறகு அந்த இசை, தண்ணீருக்கு அடியில் யாரோ மணி அடிப்பதுபோல.

மேகங்கள் மிதந்தன. விளக்குக்காரன் வந்துவிட்டான். நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தான், ஆனால் அவனேதான். ஒரு மேகம். இன்னொரு மேகம். மத்தியான வெயிலும் அறைக்குள் நீலமாகிவிட்டதுபோல இருந்தது. தம்பியின் கட்டைவிரல்கள் தாமாக அசைந்தன. அக்கா அதைப் பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். முன்பெல்லாம் அவள் உட்காரும் அதே இடப்பக்கம்.

நிலாவுக்கு இன்னும் இரண்டே மேகம்.

சட்டென்று திரையில் புள்ளி மழை. பிறகு ஒரு கரும்பலகை. பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு டீச்சர், கையில் சாக்பீஸ்.

“வணக்கம் பெரியவங்களே! இத்தனை வயசுக்கு மேல படிக்கிறதான்னு கூச்சப்படாதீங்க. பென்சிலைக் கையில எடுத்துக்கங்க. இதுதான் முதல் எழுத்து.”

மெதுவாக ஒரு சுழி, ஒரு வளைவு, ஒரு நேர்கோடு.

தம்பி திரும்பினான்.

“நீ அப்ப ஏழாவது. கிளாஸ்லயே முதல் மார்க். உனக்கு எதுக்குக்கா முதல் எழுத்து?”

அக்கா எழுந்து டெக்கை நிறுத்தப் போனாள். அப்பா கை காட்டித் தடுத்தார்.

நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, கேசட் அட்டையைக் கையில் எடுத்தார். கண்ணாடியை ஜன்னலோரமே விட்டுவிட்டிருந்தார். எழுத்துகளின் அடியில் விரலை ஓட்டினார்.

“யாரும் இதில் எதையும் பதியக் கூடாது. அக்காவும்தான். அப்பாவும்தான்.”

அட்டையை அவன் கையில் கொடுத்தார்.

“ஆறு மாசம் இந்தப் பாடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, நானா எழுத்துக்கூட்டிப் படிச்ச முதல் வரி இதுதான்டா.”