சோடியம் தீயும் ஒரு கையெழுத்தும்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துச் சோடியம் ஆலையில் மூன்றாவது கொட்டகை எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் பட்டால் வெடிக்கும் உலோகம் என்பதால் தீயணைப்பு வீரர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கொட்டிய உப்புத்தூளும் போதவில்லை. பக்கத்துக் கொட்டகையில் இன்னும் நாற்பது பீப்பாய் சோடியம் இருந்தது.

பாதுகாப்பு அதிகாரி டோரீன் சுவாசக் கருவியை மாட்டிக்கொண்டு, ஒரு பெரிய உருளையைத் தள்ளியபடி உள்ளே ஓடினாள். குழாயைத் திறந்தாள். எதையும் நொடியில் உறைய வைக்கும் திரவ நைட்ரஜன் வெண்புகையாகக் கொட்டியது. சில நிமிடங்களில் தீ அடங்கிவிட்டது.

வெளியே வந்தவளை மேலாளர் வென்டல் மறித்தார்.

“தீ அணைஞ்சது சரி. இந்தக் கருமத்தை யாரு வாங்கச் சொன்னது? மூணு தடவை எழுதிக் கேட்டே, மூணு மனுவையும் கிழிச்சுப் போட்டேனே!”

“ஆமா சார். ‘குல்ஃபி போட்டு நெருப்பை அணைக்கப் போறியா’ன்னு எல்லார் முன்னாடியும் சிரிச்சீங்க.”

“அப்புறம் என் கையெழுத்து இல்லாம எப்படி உள்ள வந்துச்சு? உன் வேலை போயிடும், தெரியுமா?”

“உங்க கையெழுத்துதான் சார்.” டோரீன் முகமூடியைக் கழற்றினாள். “நாலாவது தடவை காரணத்தை மட்டும் மாத்தினேன். ‘கம்பெனி இயக்குநர்கள் விருந்தில் கண்ணெதிரே ஐஸ்கிரீம் உறைய வைக்க’ன்னு எழுதினேன். அஞ்சே நிமிஷத்துல கையெழுத்தாகி வந்துடுச்சு.”

தீயணைப்பு வீரர்கள் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார்கள். வென்டல் பதறிப்போய் உருளையைத் தட்டிப் பார்த்தார். காலி.

“அடிப்பாவி! இயக்குநர்கள் எல்லாரும் விருந்துக்குக் கிளம்பி வந்துட்டிருக்காங்களே... இப்ப சாயங்காலம் ஐஸ்கிரீமுக்கு என்ன பண்றது?”